புளி குடித்த தட்டு

காலை பத்து மணிக்கு யாங்கோன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் மார்போடு அணைத்த அலுமினியத் தட்டு. நான் போக வேண்டிய தாமுவே பகுதிக்குப் பதினைந்து கிலோமீட்டர், டாக்சிக்குப் பர்மியப் பணம் முப்பதாயிரம் சாட். வழி நெடுக நான் தட்டை மடியில் வைத்திருப்பதைப் பார்த்த ஓட்டுநர், குழந்தையைத் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.

அமெரிக்காவில் என் மகள் இருக்கும் ஊரில் ஒரு சின்னப் பட்டறை. அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே தட்டும் கிண்ணமும் ஆக்குகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் குமார் யாங்கோன்காரன். நான் இந்தப் பக்கம் வருவது தெரிந்து ஓடி வந்தான்.

“அக்காவுக்கு நிச்சயதார்த்தம். எங்க வீட்டு வழக்கத்துல தாம்பூலத் தட்டைப் பொண்ணோட தம்பிதான் கொடுக்கணும். எனக்கு லீவு கிடைக்கல. நான் அடிச்ச தட்டாவது போய் நிக்கட்டும், ஐயா.”

தூறல் விழும் குளம்போலத் தட்டெங்கும் சுத்தியல் தடம். விளிம்பில் பைன் இலைகள்.

பதினொரு மணிக்கு வீட்டை அடைந்தேன். குமாரின் அம்மா, பர்மிய மரியாதைப்படி ‘டாவ்’ லெட்சுமி, மேலிருந்து குரல் கொடுத்தார்: “மூணாவது மாடிதான், ஏறி வாங்கண்ணே. மூச்சை மட்டும் கீழேயே விட்டுட்டு வராதீங்க!”

மணப்பெண் தங்கம் தட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வினை முடிந்திருந்தது. கரண்டு வருவதும் போவதுமாக இருப்பதால் இங்கே கரியடுப்புதான், சாம்பலுக்குப் பஞ்சமில்லை. பூஜைப் பித்தளையோடு சேர்த்து இந்தத் தட்டையும் சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டார் தாய்மாமன் கோ சேகர் (அங்கே ஆண்களுக்கு ‘கோ’). சாம்பலின் காரம் பட்டு அலுமினியம் மழைமேகமாகக் கறுத்துவிட்டது.

“பித்தளைக்குச் செய்யறதைத்தானே செஞ்சேன்!”

“நாலு மணிக்கு அவன் போன்ல பார்ப்பானே, மாமா. எதைக் காட்டுவேன்?” தங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பியவள் பார்வை, அடுப்படியில் காலியாகக் கிடந்த அலுமினியச் சட்டியில் விழுந்தது. வெளியே கறுப்பு. தினமும் புளிச்சாறு கொதிக்கும் உட்புறம் மட்டும் வெள்ளை. சட்டென்று தட்டை அடுப்பில் ஏற்றி, பக்கத்தில் கரைத்து வைத்திருந்த புளி முழுவதையும் அதில் கவிழ்த்தாள்.

“அடியே, அது விருந்துக்குக் கரைச்ச புளி!”

“விருந்து கிடக்கட்டும்மா!”

நாலு மணி. சம்பந்தி வீட்டார் வந்தாயிற்று. போனில் குமார். வெற்றிலை பாக்கு வைத்த தட்டை மாமா தூக்கிக் காட்டினார். தட்டு வெளுத்திருந்தது, சுத்தியல் தடங்களின் குழியில் மட்டும் கறுப்பு தங்கி, ஒவ்வொரு அடியும் பைன் இலையும் எழும்பித் தெரிந்தன.

“மாமா! இந்தக் கறுப்புக்கு நாங்க பட்டறையில தனியா மருந்து பூசுவோமே. நீங்க என்ன போட்டீங்க?”

“தொழில் ரகசியம், மாப்ளே,” என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்தி.

விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா சாற்றை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். “என்ன சம்பந்தி, புளிப்பே இல்லையே?”

“உங்க வீட்டுக்கு வர்ற தட்டு குடிச்சிருச்சு, சம்பந்தி.”

மறுநாள் கிளம்பும்போது கோ சேகர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். கரியடுப்புச் சாம்பல். அடுத்த முறை அமெரிக்கா போகையில், பட்டறை மருந்துக்குப் பதிலாகக் குமாரிடம் கொடுக்க வேண்டுமாம்.

“விமான நிலையத்துல கேட்டா என்ன சொல்றது?”

“விபூதின்னு சொல்லுங்க!”

கேட்கத்தான் செய்தார்கள். அதிகாரி பொட்டலத்தைப் பிரித்தார், முகர்ந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குப் பர்மிய மொழி தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். அவர் மரியாதையாகத் தலையசைத்துப் பொட்டலத்தை மடித்துத் தந்தார்.

என் ஊர் திருச்சியில் வந்து இறங்கும்வரை நெற்றி அரித்துக்கொண்டே இருந்தது.