குப்பிக்குள் போன ஆண் ஈ

எங்கள் வீட்டில் என் தம்பிக்கு ‘ஈ டாக்டர்’ என்று பெயர். டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை, ஈ மட்டும் வந்துவிட்டது. ஆறு வருடமாகப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பழ ஈ வளர்க்கிறான். வாழைப்பழத்தை மூடாமல் வைத்தால் மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். நான் மருந்துக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கிறவள். இந்தப் பாழாய்ப்போன ஈக்கு ஆறு வருடமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிதாகப் பிறந்த பெண் ஈக்களை, ஆண் ஈ நெருங்குவதற்குள் பொறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் தனியே அடைக்க வேண்டும். பிறந்து எட்டு மணி நேரம் தாண்டிவிட்டால் அவை சோதனைக்கு உதவா. அதனால் அவனுக்கு ஞாயிறு கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. “நாம இவனுக்குப் பொண்ணு பார்க்கிறோம், இவன் ஈயில பொண்ணு பார்க்கிறான்” என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். முன்பெல்லாம் தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது “ஆமா மாமா” என்பதோடு சரி.

போன வாரம் ஒரு பூச்சி மருந்துக் கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டது. பட்டம் தேவையில்லை, உடனே சேர வேண்டும், சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் ஆய்வு அந்தரத்தில் நின்றுவிடும், ஆறு வருடமும் போச்சு. அவனுடைய கைடு மேடம் நல்லவர்தான். ஆனால் “இந்த ஒரு சோதனையை முடிச்சிடுப்பா, தீசிஸ் எழுதிடலாம்” என்று வருடா வருடம் சொல்கிறவர்.

“வளர்த்த கையாலயே கொல்லப் போறியா மாப்ள?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ம்.”

“என்னடா ம்? போறியா, இருக்கியா? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்” என்றேன் நான்.

“ரெண்டும் ஒண்ணுதான்கா.”

சனிக்கிழமை மதியம் கடையிலிருந்து நேராக ஆய்வகத்துக்கே போனேன். பதில் வாங்காமல் நகர்வதில்லை என்றுதான். அறை முழுக்கப் புளித்த மாவு வாடை. தம்பி நுண்ணோக்கியில் குனிந்து, வாயுவில் மயங்கிக் கிடந்த ஈக்களைப் பிரஷ் நுனியால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான்.

“புழு இருக்கு பாரு.”

அடியில் இருந்த கூழில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. “ஈ இருந்தா புழு இருக்கத்தானேடா செய்யும்?”

“இது பொண்ணுங்க மட்டும் இருந்த குப்பி. புழு வரவே கூடாது. எங்கயோ ஒரு ஆணைக் கவனிக்காம உள்ள விட்டிருக்கேன்.”

“சரி, அந்தக் குப்பியைத் தூக்கிப் போடு.”

“இதே கூட்டத்தை வச்சுதான் கடைசிச் சோதனையைப் பண்ணினேன். இனி எதையும் நம்ப முடியாது. முதல்ல இருந்து பண்ணணும்.”

மூன்றாம் வருடம் குப்பிகளில் பூஞ்சை பிடித்தபோது, இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன் இவன்.

“ஐயையோ! மேடத்துக்குத் தெரியுமா?”

“காலைலயே சொல்லிட்டேன். பரவாயில்ல, திரும்பப் பண்ணுன்னாங்க.” குப்பியைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினான். “பசிக்குதுக்கா. சாப்பிடப் போலாமா?”

கேன்டீனில் தட்டை வழித்துச் சாப்பிட்டான். இன்னொரு தட்டும் வாங்கி வந்தான். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பாதியில் அவன் கை நின்றது.

“அக்கா, காலைல அந்தப் புழுவைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணுமே தோணல. மதியம் என்ன சாப்பிடலாம்னுதான் யோசிச்சேன்.”

இடது கையால் போனை எடுத்து, வேலையில் சேர்கிறேன் என்று கம்பெனிக்குத் தட்டி அனுப்பினான். இத்தனை நாள் நான் அவனைப் பிடுங்கியெடுத்ததெல்லாம் இப்படி ஒரு பதிலுக்குத்தான். என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“டேய், ஒரு தடவை அழுதுடேன்டா” என்றேன்.

தம்பி கண்ணை இறுக மூடினான். நான் சொன்னேனே என்று நிஜமாகவே முயற்சி செய்தான்.

“வரலக்கா” என்றான். மீதியைச் சாப்பிட்டு முடித்தான்.