அன்று யாரும் ஊதாத கொம்பு

2006 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணியளவில் நான் செத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியாது. நல்ல நித்திரை வருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பிரசங்கம் தொடங்கியதும் என் தலை எப்படித் தொங்கும் என்று வாரந்தோறும் பார்க்கிற சபையாராகிய நீங்கள் இதை நம்புவீர்கள். இனிச் சொல்லப்போவதைத்தான் நம்பக் கஷ்டப்படுவீர்கள்.

அப்போது நான் வட லண்டனில் ஒரு சிறிய யூத ஜெபாலயத்தில் வேலை செய்தேன். கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது, காஸில் எரிந்து கட்டடத்தைச் சூடாக்கும், நிலவறையில் இருந்த பழைய பொயிலரைக் கவனிப்பது எல்லாம் நான்தான். 2004இல் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் அவர்களுடைய பண்டிகைகள் எனக்கு முதுகுவலியாகவே மனப்பாடம். பஸ்காவுக்கு முன்னர் கட்டடத்தில் ஒரு பாண் துகள்கூட இருக்கக்கூடாது. எகிப்திலிருந்து ஓடியபோது மா புளிக்க நேரமில்லாததை நினைக்கிறார்கள். நான் முழங்காலில் நின்று மூலை மூலையாகத் துடைத்துவிட்டு, களைத்துப்போய் அங்கேயே இருந்து என் பாணையும் சம்பலையும் பிரித்தேன். ஒரு அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. கூடாரப் பண்டிகைக்கு முற்றத்தில் கொப்பும் இலையும் போட்டுக் கூரை கட்டுவேன். வனாந்தரத்தில் கடவுளை மட்டும் நம்பி இருந்த காலத்துக்கு அது அடையாளம், அதனால் இடுக்குகளால் வானம் தெரிய வேண்டும். லண்டனில் வானம் தெரிந்தால் சூப்பில் மழைதான்.

ஆனால் என்னை உலுக்கியது அவர்களின் புது வருடம். அன்று ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவார்கள். முதலில் நீளமாக ஒன்று. பிறகு பெருமூச்சுப்போல உடைந்து உடைந்து. பிறகு விம்மி அழுவதுபோல. தூங்குகிற ஆத்துமாவை எழுப்புகிற சத்தம் அது என்று மிஸ்டர் மோரிஸ் சொல்லியிருந்தார். அந்தச் சத்தம் கேட்டால், சாப்பாட்டு மேசை விரிக்க எழும்பவேண்டும் என்பது எனக்குக் கணக்கு.

மிஸ்டர் மோரிஸ் ஆலயப் பொறுப்பாளர், எண்பது வயது. அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் ஏனோ அது யாழ்ப்பாணத் தமிழாகவே இருக்கிறது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், வேலை கூடாது; அன்று அவர் சுவிட்சைத் தொடமாட்டார். போடு என்று என்னிடம் நேரே கேட்கவும் மாட்டார். பல்பை அண்ணாந்து பார்த்தபடி, "செல்வா, இண்டைக்கு ஒரே இருட்டாக் கிடக்கு" என்பார்.

"ஓம் சேர், லண்டன் எண்டா இருட்டுத்தானே."

பாவம், பொறுமையாக நிற்பார். நானும் ஒரு நிமிடம் அவரைத் தவிக்கவிட்டுத்தான் போடுவேன்.

இனி என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். பொயிலர் அறையில் களவாக ஒரு பாய் போட்டு வைத்திருந்தேன், குட்டித் தூக்கத்துக்கு. சுவரில் இருந்த காற்று ஓட்டையால் குளிர் வந்தது. இடுப்பில் கட்டுகிற என் பழைய சாரத்தைச் சுருட்டி அதை இறுக அடைத்தேன். காற்று ஓட்டை எதற்கென்று யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் பாய் போடப்போகிறேன்?

அந்தச் சனிக்கிழமை அவர்களுக்குப் புது வருடம். மேலே ஆராதனை நடந்தது. நான் கீழே படுத்திருந்தேன். பொயிலருக்குள் எப்போதும் நீலமாக எரியும் நெருப்பு அன்று மஞ்சளாக எரிந்தது. வடிவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். தலை வலியில் இடித்தது. கையைத் தூக்கப் பார்த்தேன், வரவில்லை. காலும் வரவில்லை. பயப்படவேண்டும் என்று தெரிந்தது. பயமும் வரவில்லை. அதுதான் பயங்கரம்.

எட்மண்டன் வீட்டில் என் மனைவி ராணி நான்கு வயது ரூத்துக்குத் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைவு வந்தது. அப்போதுதான் விளங்கியது, நான் திரும்பிப் போகப்போவதில்லை. "ஆண்டவரே, என்ர பிள்ளை" என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை. நாக்கும் நின்றுவிட்டது.

அப்போது கொம்பு ஊதியது.

மேலேயிருந்து வரவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது. நீளமாக ஒன்று, பாயை அதிரவைத்தபடி. பிறகு பெருமூச்சுகள், என் முகத்துக்கு மிகக் கிட்ட. பிறகு அந்த விம்மல். யாரோ எனக்காக அழுவதுபோல. ஐயோ, மேசை விரிக்கவில்லையே என்று உடம்பு தானாகப் புரண்டது. தவழ்ந்தேன். கதவில் தலையால் மோதி வெளியே விழுந்தேன். கதவு சுவரில் அடித்த சத்தம், எல்லோரும் மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்த மண்டபத்துக்குக் கேட்டிருக்கிறது.

மிஸ்டர் மோரிஸ்தான் முதலில் படியிறங்கி வந்தார். என் கோலத்தைப் பார்த்தார். சுவிட்சைத் தொடாத அந்த மனிதர் என் சட்டைப்பையிலிருந்த மொபைலை இழுத்தெடுத்தார்.

"எதை அமத்துறது? பச்சையோ சிவப்போ?"

"பச்சை... சேர், இண்டைக்கு ஓய்வுநாள்..."

"வாயை மூடு. உயிர் போகேக்க ஓய்வுநாள் இல்லை. அதுவும் எங்கட கட்டளைதான்."

ஆஸ்பத்திரியில், காற்றில்லாமல் எரிந்த பொயிலரின் விஷவாயு என்றார்கள். இன்னும் சில நிமிடம் கிடந்திருந்தால் அவ்வளவுதானாம். ராணி கட்டிலடியில் அழுதாள். பிறகு சாரத்தின் கதையைக் கேட்டுவிட்டு, "உங்களைக் காப்பாத்தினதுக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இனி நான் கொல்லுறன்" என்றாள்.

திங்கட்கிழமை, பண்டிகை இரண்டு நாளும் முடிந்தபின் மிஸ்டர் மோரிஸ் வந்தார். நீங்கள் கொம்பு ஊதியதால்தான் எழும்பினேன் என்று நன்றி சொன்னேன்.

"செல்வா, சனிக்கிழமை நாங்கள் ஊதேல்லை."

"பெரிய சத்தமாக் கேட்டதே சேர்."

"புது வருசம் ஓய்வுநாளில விழுந்தா ஊதமாட்டம். உனக்கு முதல் ரெண்டு வருசமும் அப்பிடி விழேல்லை, அதுதான் தெரியாது. கொம்பு அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடந்தது. திறப்பு உன்ர கோர்வையிலதான்."

சாவிக் கோர்வை என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

"அண்டைக்கு மட்டும் ஜெபத்தில ஒரு சொல்லை மாத்துவம்" என்றார் மெல்ல. "ஊதுற நாள் எண்டு சொல்லமாட்டம். ஊதினதை நினைக்கிற நாள் எண்டுதான் சொல்லுவம். ஆர் நினைச்சது எண்டு எனக்குத் தெரியாது."

விஷவாயு ஏறினால் மூளைக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்குமாம், டொக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் மூளையை எனக்குத் தெரியும். அது என்னை வேலைக்கு எழுப்புகிற மூளை அல்ல.

நான் மாறிவிட்டேன். பாயும் இல்லை, அடைப்பும் இல்லை. இருட்டாக் கிடக்கு என்று அவர் தொடங்குமுன் விளக்கைப் போட்டுவிடுவேன். விடியற்காலையில் முழங்காலில் நிற்கிறேன். அதிலும் சிலநாள் தூங்கிவிடுகிறேன், மறைக்கவில்லை.

2009இல் புது வருடம் திரும்பவும் சனிக்கிழமை வந்தது. அதே நேரத்துக்கு, கதவை அகலத் திறந்துவிட்டுப் பொயிலருக்கு முன்னால் நின்றேன். நீலச் சுவாலை. ஒரு சத்தமும் இல்லை. அன்று என்னை அவசரமாக எழுப்பத் தேவைப்படவில்லை போலும். ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிரியமானவர்களே, சொல்லமுடியாத பாரத்தோடு இதை வாசிக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஜெபிக்கத் தெரியவில்லை, வார்த்தை வரவில்லை என்று பின்வாங்காதீர்கள். நான் பாதி வசனம்தான் சொன்னேன். மிச்சத்தை ஆண்டவர் கேட்டுக்கொண்டார். தொடங்குங்கள், போதும்.