பெரியப்பா சொன்ன சாட்சி

கிரீம் நிற பேண்டும் புது வெள்ளைச் சட்டையுமாக, காக்ஸ் டவுன் ஆலயத்தில் பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு அதிக நாள் ஆகியிருக்கவில்லை. எங்கள் சபையில் நோய் தீர்ந்தவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, எல்லார் முன்னாலும் சாட்சி சொல்வது வழக்கம். பெரியப்பாவின் சாட்சியில் ஆண்டவரைவிட ரோபோதான் அதிகம் வந்தது. ஆயுள் முழுக்கத் தொழிற்சாலையில் மெஷின்களோடு வாழ்ந்தவர். ரோபோவுக்கு நாலு கையாம், டாக்டர் தள்ளி உட்கார்ந்து ஓட்டினாராம் என்று அளந்துகொண்டே போனார்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டர் எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். நானும் கூட இருந்தேன். சிறுநீர் கசியும், இடுப்புத் தசைக்குப் பயிற்சி செய்தால் பலருக்கு மெல்ல மெல்லக் கட்டுப்படும், சிலருக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார். தாம்பத்தியத்தைப் பற்றிச் சொன்னபோது பெரியம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் இருவரும் ‘சரியாகிவிடும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா சபை முழுக்கப் ‘பூரண சுகம்’ என்று சொல்லி முடித்தாள்.

சாட்சி சொல்ல வேண்டிய அன்று காலை, அவர் வழக்கம்போல் கசிவுக்கான பேட் கட்டிக்கொண்டு கிளம்பியபோது பெரியம்மா வழிமறித்தாள்.

“பூரண சுகம்னு சாட்சி சொல்லப் போறவரு அதைக் கட்டிட்டுப் போனா, ஆண்டவரை நம்பலேன்னுதானே அர்த்தம்? கழட்டிட்டு வாங்க.”

நான் வேண்டாம் என்றேன். எனக்கு விசுவாசம் போதாது என்று என் வாயை அடைத்தாள். பெரியப்பா மறுபேச்சில்லாமல் உள்ளே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

ரோபோ கதைக்குச் சபை சிரித்தது. அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் நின்றது. கிரீம் நிறத்தில் ஈரம் மறையாது. பாடகர் குழுவில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். போதகர் அவசரமாகப் பாட்டு எடுக்கச் சொன்னார். மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெரியப்பா அங்கேயே நின்றார். பெரியம்மா இடத்தைவிட்டு எழவில்லை. நான்தான் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்கு வரவேயில்லை. விடாமல் பயிற்சி செய்ததில் கசிவு இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. புற்றுநோயும் திரும்பவில்லை. ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வரும்போதெல்லாம் பெரியம்மா தனியாகப் போய்ச் சாட்சி சொல்கிறாள், சபை அல்லேலூயா என்கிறது.

போன ஞாயிறு அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம்தான் சரியாகிவிட்டதே, வாங்க பெரியப்பா என்றேன்.

“நான் உள்ளே வந்தா எல்லாரும் மொதல்ல எங்கே பாப்பாங்கம்மா?” என்றார்.

அவர் கேட்டு முடிக்கும்போதே என் கண் அங்கேதான் போயிருந்தது. அதை அவரும் பார்த்துவிட்டார்.