சின்னம்மாவின் உடம்பு

சின்னம்மாவின் சட்டைகளில் கைக்குக் கீழே எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு வைத்துத் தைத்திருக்கும். கோதுமை மா வந்த பையின் துணி அது. எத்தனை தரம் துவைத்தாலும் அதிலிருந்த சிவப்பு எழுத்துகள் முழுதாக அழிவதில்லை. உடம்பு பருக்கப் பருக்கத் தையலைப் பிரித்து இன்னொரு துண்டு சேர்த்துக்கொள்வார். புதுச் சட்டைக்கு வழியில்லாத வீட்டில், இருக்கிற சட்டை போதாமற்போகும் அளவுக்கு ஒருவர் எப்படிப் பருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கிவிட்டது என்று துணிந்து சொல்லமாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். அரிசிக்கும் பாணுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். மண்டூருக்கு எதிர்க்கரையில், வாவியோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக எனக்கு முதல் வேலை கிடைத்தது. அம்மாவின் தங்கை அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்ததால் அவர் வீட்டில் தங்கினேன். சின்னப்பா வாவியில் வலை வீசுபவர். நல்ல மீன் சந்தைக்குப் போய்விடும். மிஞ்சிய பொடிமீன் அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும். என் சம்பளத்தில் பெரும்பகுதி அம்மாவுக்குப் போனது. மிச்சத்தில் நான் கொடுத்ததையும் சின்னம்மா பிள்ளைகளின் தட்டிலேயே வைத்தார். எல்லோரும் எழுந்துபோன பிறகு அவர் அடுப்படியில் குந்தி, ஆறிப்போன றொட்டியையோ அவித்த மரவள்ளிக் கிழங்கையோ கொச்சிக்காய்ச் சம்பலுடன் தின்பார். சில நாள் அதுவும் இருக்காது. அப்படியிருந்தும் பிள்ளைகளின் முழங்கால் எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. சின்னம்மாவின் கைகள் உருண்டு திரண்டிருந்தன. ஒரே அடுப்பிலிருந்து இரண்டு விதமான உடம்புகள் எப்படி வந்தன?

ஊர் தனக்குத் தெரிந்த விடையைச் சொன்னது. "ஒளிச்சி வெச்சித் தின்னுறா" என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஊராருக்கு முன்னால் அவர் எதையும் வாயில் வைத்து நான் கண்டதில்லை. கலியாண வீட்டில்கூட வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அந்த ஆண்டு கோயிலில், வீட்டில் உலை வைக்க முடியாதவர்களுக்காகக் காலையில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரே அகப்பையைப் பிடித்து நின்றார். சின்னம்மா சட்டியோடு முன்னால் வந்ததும் அவருடைய கை நின்றது.

"பிள்ளையள அனுப்புகா. இது பசிச்சவங்களுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகவே சொல்வதாக அவர் நினைத்திருக்கலாம். பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னம்மா வெறுஞ்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் மட்டுமே போனார்கள்.

சில வாரங்களுக்குப் பின், அக்கரை வயல்வெளியான வட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சின்னம்மா வயலுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்; பிறகு நான் பஸ்ஸில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பாட்டக் குறைக்க வேணும். மாவும் கிழங்கும் வேண்டவே வேண்டாம். இந்த உடம்ப இதயம் எப்பிடித் தாங்கும்?" என்றார். அவர் போன பிறகு தாதியம்மா ஊசி போட வந்தார். சின்னம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இரத்தமே இல்லையே அம்மா. மீன், முட்டை, ஈரல் எண்டு நல்லாச் சாப்பிடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, ஒராள் குறைச்சித் தின்னச் சொல்றார். மத்தவ கூடத் தின்னச் சொல்றா. ரெண்டு பேரும் படிச்சவங்க. நான் இப்ப என்னத்தத் தின்னுற?"

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள் நான். மாவையும் கிழங்கையும் விட்டால் அந்த வீட்டில் தின்பதற்கு வேறு என்ன இருந்தது?

மறுநாள் காலையில் சின்னம்மா சட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். எனக்குப் பதற்றமாக இருந்தது; கூடவே போனேன். வண்ணக்கர் அவரைக் கண்டு தயங்கினார்.

"அண்ணன், பார்க்க நான் கொழுத்துத்தான் இரிக்கன். என்ட ரத்தத்தில ஒண்டும் இல்லயாம். அது உங்கட கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் நேத்து வரைக்கும் தெரியாது" என்றார் சின்னம்மா.

வண்ணக்கர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அகப்பையைக் கஞ்சியில் விட்டு எடுத்தார். பாதியைத் திரும்ப அண்டாவில் சரித்துவிட்டு மீதியைச் சட்டியில் ஊற்றினார். நம்பினாரா, நம்பவில்லையா என்று அந்த அரை அகப்பையை வைத்து என்னால் முடிவு செய்ய முடியவில்லை. சின்னம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அங்கேயே, எல்லோரும் பார்க்க, நின்றபடி குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு சில ஆண்டுகளே இருந்தார். நீரிழிவு வந்து, காலில் புண் ஆறாமல், மழைக்காலம் ஒன்றில் போய்விட்டார். சாவீட்டில் ஒரு பெண், "நல்லாத் திண்டு வளந்த உடம்பு, இப்பிடிப் போயிற்றே" என்று ஒப்பாரிக்கு நடுவே சொன்னதைக் கேட்டேன். பழிப்பதற்காக அல்ல, இரக்கப்பட்டே சொன்னாள். அவளுக்கு நான் எதிலிருந்து தொடங்கிச் சொல்வது?

இப்போது என் மருமகள் டாக்டர். மலிவாகக் கிடைக்கும் மா வயிற்றை அடைக்கும், உடம்பைப் பருக்க வைக்கும், இரத்தத்துக்கு ஒன்றும் கொடுக்காது என்கிறாள். சின்ன வயதில் பட்டினி கிடந்த உடம்பு பிற்காலத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைக்கவும் கூடுமாம். சொல்லும்போது சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே றொட்டியைத் தின்ற பிள்ளைகள் ஏன் வற்றிப்போனார்கள் என்று கேட்டால், "அதுக்கும் காரணம் இரிக்கு மாமி" என்று இன்னொரு விளக்கத்தைத் தொடங்குகிறாள். பாதியில் எனக்குக் குழம்பிவிடுகிறது.

போன மாதம் சின்னம்மாவின் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். களுதாவளையில் கல்வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில். மேசை நிறைய மீனும் முட்டையும் கீரையும் இருந்தன. முழங்கால் எலும்பு தெரிய என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள், இன்று தாயைவிடப் பருத்திருக்கிறாள். சோற்றைப் போட்டுக்கொண்டவள் கையை வைக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் பசிச்சித் தின்னுறனா, நாளைக்கு இல்லாமப் போயிரும் எண்ட பயத்தில தின்னுறனா எண்டு எனக்கே தெரியிறதில்ல" என்றாள்.

மீன்குழம்புச் சட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவள் பக்கம் நகர்த்துவதா, இந்தப் பக்கம் இழுத்துவைப்பதா என்று தெரியாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.