இன்னொரு அபராதம்

எண்பதுகளில் ஓசூர் கம்பெனி ஒன்றில் லேத் மிஷின் வேலை கிடைத்து, பாகலூரில் வாடகைக்குக் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் கன்னடம் பேசும் புருஷன் பெண்டாட்டி. வரப்புத் தகராறில் யாரோ ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு, புருஷன்காரன் ஆறு மாதத் தண்டனையில் சேலம் ஜெயிலுக்குப் போயிருந்தான். வீட்டுக்கு வீடு களி கிண்டுகிற ஊரை விட்டு, களி தின்ன சேலம் வரைக்கும் போக வேண்டுமா என்று நாங்கள் கேலி பேசுவோம்.

விடுதலை நாளன்று கோழிக்குழம்பு வைத்துவிட்டு அழைத்துவரப் போனவள், தனியாகத் திரும்பி வந்தாள். "தேதி தள்ளிப் போச்சுண்ணா" என்றாள். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கப் போகவே இல்லை. எங்களிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். குழாயடியில் மெதுவாகக் கேட்டாள்.

"ஜெயில்ல இருந்துகிட்டே அபராதம் பண்ண முடியுமாண்ணா?"

"பண்றதா? அபராதம் கட்டறதுதானேம்மா?"

அவள் விழித்தாள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். கட்டுகிற பணத்தை அவர்கள் தண்டம் என்பார்கள். "இன்னொரு அபராதம் பாக்கி இருக்குது" என்று ஜெயில் வாசலில் வார்டர் சொன்னதும், உள்ளேயும் யாரையோ அடித்துவிட்டான் என்று நினைத்து, அவமானத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். ஜெயிலோடு இன்னொன்றாகக் கோர்ட்டில் போட்டிருந்த பணத்தைத்தான் வார்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை. சொன்ன மாதங்களை முழுசாக உள்ளே கழித்தவனிடம், வெளியே போகக் காசு கேட்பது என்ன நியாயம்? இருக்கிறவன் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகிறான். இல்லாதவனுக்கு அதே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. அந்த அபராதத்தை அடியோடு எடுத்துவிட்டால் சர்க்கார் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்மலை அடகு வைத்து, மறுநாளே சேலம் போய்க் கட்டினோம். சாயங்காலம் விட்டார்கள்.

அபராதம் என்றால் கட்டுகிற பணம் என்று உள்ளே இருந்த தமிழ்க்காரர்கள் அவனுக்கு எப்போதோ அர்த்தம் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்தவன் அவள் பக்கமே திரும்பாமல் என்னிடம் தமிழில் பேசினான்.

"கம்மல் இருக்குதுன்னு தெரியும்ணா. கட்ட வரலைன்னா, நான் வேணாம்னுதானே?"

சேலம் போகிற பஸ்ஸில் வழியெல்லாம் நான் விளக்கிச் சொல்லியும், அவளுக்கு அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் கேட்டாள், உள்ளே நீ யாரையும் அடிக்கவில்லையா என்று.