காந்தத்துக்கு ஆகாத பொட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட் முனை வந்ததும் குணசுந்தரியின் ஸ்கூட்டர் இடது பக்கம் திரும்பிவிடும். நேரே போனால் தியேட்டர் கூப்பிடு தூரம். இடது பக்கம் போனால் ஏரிக்கரை, எருமைக் கூட்டம், பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்ட வேகத்தடைகள், எல்லாவற்றையும் சுற்றிவிட்டு அதே தியேட்டர். பின்னால் உட்கார்ந்திருக்கும் என் இடுப்பைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஸ்டேஷனிலிருந்து ஓசி சவாரி வருகிறவளுக்கு வழியைப் பற்றிப் பேச உரிமையும் இல்லை.

நேர்ச்சாலையில் ஓர் இரும்பு உருக்காலை இருக்கிறது. அதன் மதிலுக்கு மேலே கிரேன் ஒன்று, வட்டமான காந்தத் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பழைய இரும்பை அள்ளி அள்ளிப் போடும். "அந்தக் காந்தம் நம்ம பொட்டிய ஒரு பார்வ பாத்துச்சின்னா, உள்ள கீற படம் மொத்தத்தையும் இஸ்துக்கும்க்கா" என்பது குணசுந்தரியின் கட்சி.

பொட்டி என்றால் தகரப் பெட்டி இல்லை. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பெட்டி; அதற்குள் பஞ்சு மெத்தை; மெத்தையில் ஒரு ஹார்ட் டிஸ்க். பாட்டும் சண்டையும் கண்ணீரும் அதற்குள்தான். இப்போதெல்லாம் பாதிப் படங்கள் சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்தே தியேட்டருக்குள் இறங்கிவிடுகின்றன. இறங்க மறுக்கும் மீதிக்குத்தான் குணசுந்தரி. சென்னை ஆபீஸில் வாங்கி, ரயிலில் கொண்டுவந்து, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் கொடுத்து, ஓடி முடித்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிற வேலை. பிலிம் சுருள் போய் எத்தனையோ நாளாகியும் எங்கள் ஊரில் பெயர் மட்டும் மாறவில்லை. "பொட்டி வந்துட்ச்சா?" என்றுதான் டீக்கடையிலும் கேட்பார்கள்.

ரயிலில் அவள் பக்கத்தில் உட்காருவது லேசான காரியமில்லை. பொட்டி மடியில் இருக்கும். மீஞ்சூரில் ஏறுகிற பெண் யாராவது கைப்பையை மூடும்போது 'டக்'கென்று ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது. "யம்மா, உன் பேக்ல காந்தம் கீது. அப்பால போய் குந்து" என்பாள். அந்தப் பெண் முறைத்தால், "இன்னா மொறைக்கிற? படம் அழிஞ்சா நீயா வந்து ஸ்கிரீன்ல ஆடுவ?" என்பாள். ரயில் பெட்டி முழுக்கச் சிரிக்கும், அந்தப் பெண் எழுந்து போய்விடுவாள். இவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். காந்தத்தால் அவளுக்கு உண்டான ஒரே லாபம் அதுதான்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததல்ல. போன மாதம் அவள் கொண்டுவந்த டிஸ்க் ஒன்று கும்மிடிப்பூண்டி தியேட்டரில் திறக்கவே இல்லை. காலை ஆட்டம் ரத்து. மேனேஜர் ஹேமநாத், "ரோட்டுல போட்டு குலுக்கிக்கினு வந்தா எப்படி ஓப்பன் ஆவும்?" என்று சென்னை ஆபீஸுக்கே போன் போட்டுவிட்டார். தியேட்டர் ஒயர்தான் தேய்ந்திருந்தது என்று ஆபரேட்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார். மேனேஜரிடம் சொன்னாரா என்று கேட்டேன்; டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொரு புகார் வந்தால் இந்த லைன் வேறு ஆளுக்கு என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. அன்று ராத்திரி அவள் மகள் அஸ்வினி, காந்தம் பட்டால் டிஸ்க்கில் இருப்பது அழியும் என்று பள்ளிப் பாடத்தை வாய்விட்டுப் படித்தாள். குணசுந்தரிக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

லைன் போனால் மறுபடியும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். அங்கே அவள் முன்பு செய்தது பாட்டிலுக்கு மூடி திருகும் வேலை. "ஒரே மூடிக்கா. காலைல திருகுன அதே மூடிய சாய்ந்தரமும் திருகறா மாதிரி இருக்கும். பேஜாரு. இப்ப பாரு, நான் வரலைன்னா ஒரு ஊரே வாசல்ல நின்னுக்கினு இருக்குது" என்பாள். சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நிமிரும். எனக்கு அது பிடிக்கும்.

அத்தனை தூரத்திலிருந்து கிரேன் காந்தம் எதையும் செய்யாது என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உன் ஊட்டுப் பொட்டியாக்கா இது?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பெரிய நடிகரின் படம். வானத்திலிருந்து இறங்கவேண்டியது இறங்கவில்லை. பொட்டியோடு குணசுந்தரி ரயிலிலிருந்து குதித்தாள், ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொண்டேன். முனையில் வழக்கம்போல் இடது பக்கம் ஒடித்தாள். ஏரிக்கரையில் ஒரு கன்டெய்னர் லாரி சேற்றில் சாய்ந்து, சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் ஏரியைப் பார்த்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்தார். எருமைகூட நுழைய வழியில்லை.

குணசுந்தரி லாரியைப் பார்த்தாள், பொட்டியைப் பார்த்தாள். அவள் பாட்டில் மூடியை நினைத்தாளோ என்னவோ, வண்டியைத் திருப்பிவிட்டாள். உருக்காலை மதிலுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, கிரேன் கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"யண்ணா! அந்தக் காந்தத்த கொஞ்சம் ஆஃப் பண்ணுண்ணா!"

கூண்டுக்குள் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சின்னதுரை எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா?"

"பொட்டி போவுது! ஆஃப் பண்ணு!"

"இன்னா பொட்டி?"

"புதுப்படம்ணா!"

சின்னதுரையின் முகமே மாறிவிட்டது. அவரும் மாலை ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவர். "ஆஃப் பண்ணா சரக்கு வுழுந்துரும்மா! கீய லாரி நிக்குது!"

"அப்ப அத்த எங்கியாச்சும் வெச்சிட்டு ஆஃப் பண்ணு! டைம் ஆவுது!"

சின்னதுரை இரும்புக் கொத்தோடு தட்டை அப்படியே சுழற்றிக்கொண்டு போய், குவியல் மேல் விட்டார். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். நாய்கள் நாலாபக்கமும் ஓடின. சூப்பர்வைசர் ஒருவர் கையில் சோற்றுப் பருக்கையோடு வெளியே ஓடிவந்தார். கூண்டிலிருந்து சின்னதுரை ரயில்வே கார்டு மாதிரி கையைக் காட்டினார்: போ.

மதில் முடிகிறவரை குணசுந்தரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். ஆஃப் செய்த காந்தத்துக்கு முன்னால் மூச்சை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தியேட்டர் வாசலில் மேளம். பொட்டியைக் கண்டதும் கூட்டம் கற்பூரத்தட்டோடு பாய்ந்தது. ஒருவன் தேங்காயை ஓங்கினான். "தரையில ஒடைடா! பொட்டி மேல ஒடைச்ச, உன் மண்டைய ஒடைப்பேன்" என்று குணசுந்தரி வழி பண்ணிக்கொண்டு போனாள். குங்குமத்தைக்கூட ஹேண்டில்பாருக்குத்தான் வைக்கவிட்டாள். படிக்கட்டில் ஹேமநாத் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கும் ஓப்பன் ஆவலைன்னா நேரா ஆபீஸுக்குப் போன்தான், பாத்துக்க."

ஆபரேட்டர் அறைக்குள் பொட்டி போனது. குணசுந்தரி வெளியே சுவரைப் பார்த்து நின்றாள். எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. உதடு மட்டும் நிற்காமல் ஓடியது. சற்று முன்பு ஊரையே அதட்டியவள் இப்படிச் சுவரோடு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கும் காந்தத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"ஓப்பன் ஆயிட்ச்சி!" என்றது உள்ளிருந்து ஆபரேட்டரின் குரல்.

அப்புறமும் அவள் நகரவில்லை. படம் சர்வரில் ஏறி, கூட்டம் உள்ளே போய், முதல் விசில் சத்தம் கதவைத் தாண்டி வந்த பிறகுதான் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாத் இப்போது வேறு மனிதராகிவிட்டார். சிரித்த முகத்தோடு டீ சொன்னார். பேசிக்கொண்டே, மேஜைக்கடியில் கிடந்த இன்னொரு ஆரஞ்சுப் பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"இத்தையும் எடுத்துக்கினு போம்மா. போன வாரத்துப் படம். ஒரு ஈ, காக்கா வரல."

குணசுந்தரி டீயைக் கீழே வைத்தாள். குனிந்து அந்தப் பொட்டியை எடுத்தாள். புடவைத் தலைப்பால் செருப்புத் தடத்தைத் துடைத்தாள். பிறகு அதை இரண்டு கையிலும் ஏந்தி, ஹேமநாத்தின் முன்னால் நீட்டியபடி நின்றாள். ஹேமநாத் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்; நான் சுவரைப் பார்த்தேன். உள்ளே விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மேனேஜர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஓடாத படத்தின் பொட்டியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.