நிறையாமல் கிளம்பிய ஷேர் ஆட்டோ

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோக்காரர்களில் அவர் ஒருவர்தான் வண்டி நிறையும்வரை சீட்டில் உட்காரமாட்டார். மற்றவர்கள் போனும் கையுமாக இருப்பார்கள். இவர் வெயிலில் நின்று கையைத் தட்டி, “முடிச்சூர், முடிச்சூர்!” என்று கத்துவார். ஒல்லி உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை.

“கொஞ்சம் உட்காருங்களேண்ணா” என்றேன் ஒருநாள், உள்ளே இருந்தபடி.

“உக்காந்தா கை போனைத் தேடும் சார். ஆளு ஏறட்டும்னு காத்துக்கினு இருக்கசொல்ல ரம்மி ஆடி ஆடித்தான் சொந்த வண்டிய வுட்டேன். இது வாடகை வண்டி.”

“அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே?”

“பண்ணது நல்லதுதான். கடை தொறந்து கெடந்தா என் காலு சும்மா இருக்காது. ஆனா ஆட்டத்துக்குள்ள போனது நான்தானே சார்? யாரும் என்னைத் தூக்கிக்கினு போவலியே.”

அப்போது பக்கத்து வண்டிக்காரர் தன் போனை அவரிடம் நீட்டினார். “மச்சான், புதுசா ஒரு ரம்மி வந்துகீது. வெளிநாட்டு ஆப்பு. தடை கிடை ஒண்ணும் அண்டாது. சும்மா பாரேன்!”

அவர் கண் அந்தப் போனிலேயே நின்றது. சட்டென்று ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். உள்ளே நாங்கள் மூன்றே பேர்.

“டேய், டீசலுக்கே தேறாதுடா!” என்று பின்னால் சிரித்தார்கள்.

“அது சின்ன நஷ்டம்டா!” என்று இவரும் திருப்பிக் கத்தினார்.

அந்தப் போனை எந்தச் சட்டம் தடுத்திருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் வழியெல்லாம் ஆட்கள் கைகாட்டி ஏறினார்கள். பாதி தூரத்தில், ஓர் அம்மாவின் காய்கறிப் பையை நான் மடியில் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வண்டி நிறைந்துவிட்டது.